எந்த வைஸில் கட்டுவது

மேஜைமேல் இரண்டு இடுக்கி வைஸ்கள் இருந்தன. ஒன்று என்னுடைய பழசு. நெம்புகோலை அழுத்தினால் தூண்டில் முள்ளைக் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும், அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்று என் நாத்தனார் வாங்கிக் கொடுத்த புதுசு. பின்னாலிருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் கவ்விய முள்ளோடு சேர்ந்து தலையும் சுழலும். என் வேலையைச் சோதிக்க வந்தவர் வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அவர் உள்ளே வந்து உட்காருவதற்குள் இரண்டில் ஒன்றை மேஜை விளிம்பில் முடுக்கியாக வேண்டும்.

நாங்கள் ஈ கட்டுகிறவர்கள். மீன் பிடிக்கிறவர்களுக்கான பொய் ஈ. சின்ன முள்ளின் மேல் நூலும் ஜரிகையும் இறகும் சுற்றி, மீன் பார்த்தால் நிஜம் என்று நம்புகிற மாதிரி செய்வோம். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் இதைச் சொன்னால், "அப்ப ஈ ஓட்டுறீங்கன்னு சொல்லுங்க" என்று சிரிப்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எங்கள் கூடத்தில் முதல் மேஜை என்று ஒன்று உண்டு. புது ஆர்டருக்கு வரும் மாதிரியைப் பார்த்து முதல் செட் கட்டுகிறவள் அங்கே உட்காருவாள். அவள் கட்டியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கட்டுவார்கள். கை முறிகிறவரை அது என் இடம். நாத்தனார் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருக்க, ஈரச் சாலையில் வண்டி வழுக்கியது. அவருக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு வலது மணிக்கட்டு இரண்டாகப் போனது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை திரும்பவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு இறகைக்கூட இறுக்கிப் பிடிக்க மாட்டேன் என்கின்றன.

அதனால்தான் இன்றைக்குச் சோதனை. ஆர்டர் கொடுக்கும் கம்பெனி ஆள் ஒரு மாதிரியைக் கொடுப்பார். அவர் கண்முன்னால் அதேபோல் அரை டஜன் கட்ட வேண்டும். சரியாக வந்தால் முதல் மேஜை. வராவிட்டால் பெட்டிகளுக்கு மூடி போடும் அறை. அந்த அறைக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. மூடி போடுவது கேவலமான வேலை என்று சொல்லவில்லை. என்னால் அது முடியாது, செத்துப்போவேன், அவ்வளவுதான்.

"புதுசுலதானே கட்டப் போறே?" என்றார் நாத்தனார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். வீட்டில் அண்ணி, இங்கே மேற்பார்வையாளர். இரண்டு இடத்திலும் எனக்கு மேலே.

"பாக்கலாம் அண்ணி."

"ஜோரா இருக்குன்னு சொன்னியே."

சொன்னேன்தான். பொய். அந்த வைஸ் என் மணிக்கட்டின் வேலையைச் செய்யும், சரி, விரல்களின் வேலையை யார் செய்வது? இடது கை கைப்பிடியைச் சுற்ற, வலது கை நூலை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும். வீட்டில் கட்டிப் பார்த்தபோது நூல் தொளதொளவென்று விழுந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கையையும் உடைத்துவிட்டு வைஸையும் வாங்கிக் கொடுத்தவரிடம், இதிலும் முடியவில்லை என்று போய் நிற்க எனக்கு ரோஷம் விடவில்லை. பழைய வைஸின் வாயை இடது பக்கமாகத் திருப்பி வைத்து, சமையலறை மேஜையில் இடது கையால் கட்டிப் பழகினேன். "வாய் ஓடுற வேகத்துக்குக் கையும் ஓட ஆரம்பிச்சிடுச்சு" என்று என் கணவர் சொன்னார். சொன்னவரே அன்றைக்குப் பாத்திரமும் கழுவினார்.

எனவே பழையதை எடுத்தேன். வாய் இடது பக்கம் பார்க்க முடுக்கினேன். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. ஈ கட்டுகிற இடத்தில் இப்படிச் சொல்வது கேலியாகப் படலாம், ஆனால் அப்படித்தான் இருந்தது. புது வைஸை மேஜை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது இல்லாமல் அவர் சாப்பாட்டைக்கூடப் பார்ப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. தக்கைப் பலகையில் மாதிரியைக் குத்தி என் முன்னால் வைத்தார். கறுப்பு உடம்பு, அதன் மேல் வெள்ளி ஜரிகைச் சுற்று, கழுத்தில் பழுப்பு இறகு. "ஆரம்பிங்கம்மா" என்றார்.

சோதனை மேஜையில் யாரும் பேசக் கூடாது. நூல் அவிழும் சத்தம்கூடக் கேட்டது. முதல் ஈ கட்டி முடிப்பதற்குள் முதுகு நனைந்துவிட்டது. இரண்டாவது கொஞ்சம் வேகமாக வந்தது. இடது கை சொன்னதைக் கேட்டது. மூன்றாவதில் ஜரிகையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அண்ணி அந்தப் பக்கம் வந்தார். மாதிரியைப் பார்த்தார், என் ஈயைப் பார்த்தார், திரும்ப மாதிரியைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். தன் வைஸை ஒதுக்கிவிட்டேன் என்று வயிறு எரிகிறது, எரியட்டும் என்று நினைத்தேன். மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆறையும் கட்டி முடித்தேன். பூதக்கண்ணாடி ஒவ்வொன்றாக எடுத்து, தூண்டில் நூல் கோக்கும் முள்ளின் காது எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி மாதிரிக்குப் பக்கத்தில் வரிசையாகக் குத்தினார். குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"வேலை அழகா இருக்கு. ஆனா இதப் பாருங்க" என்று கண்ணாடியை நீட்டினார்.

பார்த்தேன். மாதிரியில் ஜரிகை காதுப் பக்கம் போகப் போகக் கீழே இறங்கியது. என்னுடையதில் மேலே ஏறியது. ஆறிலும். இடது கையால் கட்டியதால் திருகாணியை எதிர்மரையில் முறுக்கியது போல எல்லாச் சுற்றும் தலைகீழாகப் போயிருந்தது. மாதிரியின் காது வலது பக்கமும் என் ஈயின் காது இடது பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தவரை முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. திருப்பி வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் கட்டியவள் நான்.

"மீனுக்கு இதெல்லாம் தெரியாதுங்களே" என்றேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"மீனா வந்து கடையில வாங்குது? ஒரு பெட்டியில ரெண்டு மாதிரி இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா." அவர் கண்ணாடியை உறையில் போடப் போனார்.

"ஒன்னே ஒன்னு. இன்னும் ஒன்னு கட்டிக் காட்டுறேன்."

அவர் டீ கொண்டுவரும் பையனைத் தேடுவதுபோலச் சுற்றும் பார்த்தார். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். "இதக் குடிச்சு முடிக்கிற வரைக்கும்" என்றார்.

புது முள்ளைக் கவ்வவிட்டு, ஜரிகையை எதிர்ப்பக்கமாக, என்னை நோக்கிச் சுற்றினேன். பழகிய கை முரண்டு பிடித்தது. இரண்டு சுற்று போட்டால் ஒன்று நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தேன், திரும்பச் சுற்றினேன், திரும்ப நழுவியது. டம்ளரில் டீ பாதிக்கு வந்திருந்தது.

மேஜை ஓரத்தில் புது வைஸ் நின்றது. அதன் கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றும். அதை இடது பக்கமாகத் திருப்பி மாட்டினால் ஜரிகையை நல்ல கை பிடித்துக்கொள்ளும். உடைந்த கை கைப்பிடியைத் தள்ளினால் போதும், மணிக்கட்டு திரும்பவே வேண்டாம். இது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை? அந்த வைஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது, யோசனை எங்கே வரும்? ஆனால் டீ தீர்வதற்குள் என் ஒரு கையால் பழையதைக் கழற்றி அதைப் பொருத்த முடியாது.

"அண்ணி" என்று கூப்பிட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. "அத எடுங்க. இடது பக்கமா மாட்டணும்."

அண்ணி வந்தார். பழையதைக் கழற்றி, புதுசை நிறுத்தி, திருகை முடுக்கிவிட்டு விலகி நின்றார். நான் நூலைக் கட்டினேன், ஜரிகையை வைத்தேன், கைப்பிடியில் கையை வைத்தேன். அண்ணி இருமினார். குனிந்து பார்த்தால், நூல்கட்டையைத் தாங்கு கம்பியில் மாட்டாமல் விட்டிருக்கிறேன். சுற்றியிருந்தால் எல்லாம் சிக்கலாகியிருக்கும். மாட்டினேன்.

"இருமலுக்கு மருந்து சாப்பிடுங்க" என்றார் பூதக்கண்ணாடி, டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

உள்ளங்கை விளிம்பால் கைப்பிடியைத் தள்ளினேன். ஒவ்வொரு தள்ளலுக்கும் வலி முழங்கைவரை ஏறியது. ஜரிகை சுற்றுக்குச் சுற்று இடைவெளி மாறாமல் போய் உட்கார்ந்தது. இறகைச் சுற்றி, தலையை முடிந்து, நூலை வெட்டியபோது அவர் டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈயை மாதிரிக்குப் பக்கத்தில் குத்தினார். பார்த்தார். இரண்டையும் இடம் மாற்றிக் குத்தினார், இன்னொரு முறையும் மாற்றினார். "இதுல எதும்மா உங்களோடது?"

கண்ணை இடுக்கிப் பார்த்தேன். "தெரியலீங்க."

"எனக்கும் தெரியல" என்றார். "மிச்சத்தையும் இதே மாதிரி கட்டிடுங்க. முதல் மேஜையில ஆள் இருக்குன்னு எழுதிக்கிறேன்." டம்ளரை வைக்க எழுந்து போனார்.

உச்சி குளிர்ந்திருக்க வேண்டிய நேரம். எனக்கோ அண்ணிமேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் மூனாவது கட்டும்போதே பாத்துட்டீங்கல்ல? அப்பவே ஒரு இருமல் இருமியிருக்கக் கூடாதா?"

அண்ணி மேஜையில் சிந்தியிருந்த இறகுத் துணுக்குகளை விரலால் கூட்டிக்கொண்டிருந்தார்.

"உன் கைய உடைச்சவ நான்" என்றார். "நீ கட்டினதுல தப்பு இருக்குன்னு நான் எந்த வாயால சொல்றது?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் யார் கேட்டாலும், முக்கியமாக இவர் கேட்டால், வலியே இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொறுமை இல்லை. அவர் ஆறுதல் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்ற வன்மம். வலது கையைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன்.

"ரொம்ப வலிக்குது அண்ணி."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மணிக்கட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"எங்க?" என்றார்.

காட்டினேன்.