அடிமாட்டு விலைக்கு ஒரு சலவை ஆலை

அந்தச் சலவை ஆலையில் விடிந்ததும் கொதிகலன் சீற ஆரம்பித்துவிடும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். அன்றைக்கு என்னவோ ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. தொழிலாளர்களுக்கு விடுமுறை கொடுத்து, கொதிகலனை அணைத்து, இயந்திரங்கள் மேல் கிழிந்த போர்வைகளைப் போர்த்திவிட்டு நின்றார் சின்ன முதலாளி. நிறுவனத்தை மதிப்பிட வரும் பெண்மணியிடம், இங்கே ஈயோட்டிக்கொண்டிருக்கிறோம் என்று காட்ட வேண்டுமாம்!

ஆலை, அண்ணனும் தம்பியான இவரும் சரிபாதியாகத் தொடங்கியது. அண்ணன் போன வருடம் இறந்துவிட்டார். அவருடைய பங்கு அண்ணிக்கு வந்தது. மகள் படிக்கும் ஊரில் சின்னதாக ஒரு வீடு வாங்கிக் குடியேற நினைத்த அண்ணி, அந்தப் பங்கைத் தம்பியே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். மதிப்பு குறைந்தால் தம்பிக்கு லாபம். அண்ணிக்கு வீடு கிடையாது.

தம்பி கெட்டவரல்ல. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் கூடவே இருந்தவர். அவ்வளவு பணத்தை எப்படிப் புரட்டுவது என்ற பயம்தான் அவரை ஆட்டியது. பயம் வந்துவிட்டால் நல்ல மனிதருக்கும் புத்தி கோணலாகத்தான் வேலை செய்கிறது.

அண்ணியும் மதிப்பீட்டாளரும் உள்ளே வந்தார்கள்.

"பாருங்க மேடம், எல்லாம் தேஞ்சுபோன மெஷினு. பழைய இரும்புக் கடைக்காரர் சொன்ன விலை இதுதான். கடன் பக்கத்துல புதுக் கொதிகலன் செலவையும் சேர்த்துக்குங்க" என்று ஒரு சீட்டை நீட்டினார் தம்பி.

"புதுசு மாத்தறேன்னு யார்கிட்டயாவது ஒப்பந்தம் போட்டிருக்கீங்களா?"

"இல்ல... இன்னிக்கில்லாட்டி நாளைக்கு உடையும்ல?"

"வரப்போற செலவுக்கெல்லாம் இன்னிக்கே கடன்னு பேர் வைக்க முடியாது சார். கொதிகலன் பழசுன்னா அதோட மதிப்புல குறைச்சுக்கறேன்."

மதிப்பீட்டாளர் ஒரு போர்வையை விலக்கி இயந்திரத்தைத் தொட்டார். ராத்திரி வரை ஓடிய சூட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் வெளியே வேன் ஹாரன் அலறியது.

"அண்ணே, கதவைத் திறங்க! ஹோட்டல் விரிப்பெல்லாம் சாயந்திரமே வேணுமாம்!"

தொழிலாளர்களை வர வேண்டாம் என்று சொன்ன மனிதர், வாடிக்கையாளர்களிடம் சொல்ல மறந்துவிட்டார். திருதிருவென்று விழித்தார்.

"ஏதோ ஓடுதுன்னே வைங்க. ஆனா வித்தா இரும்பு விலைதானே மேடம் கிடைக்கும்?"

"அவசரமா வித்துத் தலைமுழுகறவருக்குக் கிடைக்கிற விலை அது. வாங்கறவருக்கும் விக்கறவருக்கும் நெருக்கடி இருக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும் உள்ளது உள்ளபடி தெரிஞ்சிருக்கணும். அப்ப கைமாறுற விலைதான் நியாய மதிப்பு."

அண்ணி மெதுவாகச் சொன்னார்: "இருக்கட்டும் மேடம். தம்பி சொன்ன விலையவே போடுங்க. ஆனா நான் விக்கல, வாங்கறேன். தம்பியோட பாதிய அதே விலைக்கு எனக்குக் குடுத்துடட்டும்."

"ஐயோ அண்ணி! அடிமாட்டு விலைக்கா கேக்கறீங்க? ரத்தத்த சிந்தி வளர்த்த ஆலை!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

அண்ணி சிரிக்கவில்லை. "உங்க அண்ணனும் அதே ரத்தத்தத்தான் சிந்தினாரு தம்பி" என்றார்.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குப் பயம் அண்ணி. அவ்வளவு பணத்துக்கு நான் எங்க போவேன்?"

"அத என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? மொத்தமா எண்ணி வைங்கன்னு கேட்டேனா? வீட்டுக்கு முன்பணம் குடுங்க, மீதிய வருஷா வருஷம் குடுங்க. அதுக்காக அவர் உழைப்ப மட்டமா பேசாதீங்க. அதத்தான் என்னால தாங்க முடியல." இதைச் சொல்லும்போது அண்ணியின் கண் கலங்கிவிட்டது. நமக்கே கலங்குகிறது, அவருக்குக் கலங்காதா?

தம்பி எழுந்து மதிப்பீட்டாளரிடம் கைகூப்பினார்.

"இன்னிக்கு அளக்காதீங்க மேடம். ஆளுங்க எல்லாரும் வேலை செய்யறப்ப வந்து பாருங்க, எதையும் மறைக்க மாட்டேன். நம்ம பொருள எந்த விலைக்கு விக்க நமக்கு மனசு வராதோ, அந்த விலைக்கு அடுத்தவங்க பொருளக் கேக்கக் கூடாது. அதுவும், நம்மள நம்பி நிக்கறவங்ககிட்ட கேக்கவே கூடாது!"