இரவல் குரல்

ஆர்லன் வீக்ஸ் அன்று காலை கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். குரல் மட்டும் கொடுக்கும் வேலை. மைக்குக்குக் கால் தெரியாது. ஆனாலும் அவர் எந்த ஆளையும் காலிலிருந்துதான் தொடங்குவார். பிஷப்புக்கு மெல்லிய தோல் செருப்பு. கொலைகாரனுக்கு ஒரு அளவு சின்ன ஷூ. கிழவியாக நடித்த ஆண்டு வீட்டுக்குள்ளும் குதிகால் செருப்போடு திரிந்தார். நாய் இரண்டு மாதம் அவரைப் பார்த்துக் குரைத்தது.

பர்பேங்க் நகரில் அந்த ஒலிப்பதிவுக்கூடம் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே மேவிஸ் டன்னிகன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் டோனட் பெட்டி. திறக்கவில்லை.

"ராயோட பூட்ஸையா போட்டுட்டு வந்திருக்க?"

"இல்ல மேவிஸ். அதே கனம், அவ்வளவுதான்."

"அவன் பூட்ஸ் நாறும்."

"அந்த அளவுக்கு நடிப்பு வேணாம்னு விட்டுட்டேன்."

மேவிஸ் சிரிக்கவில்லை. பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

அவர் கணவர் ராய் டன்னிகன் ஏப்ரலில் இறந்துபோயிருந்தார். படப்பிடிப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. வயோமிங்கில் ஒரு மேட்டின் மீது எடுத்த காட்சியில் மட்டும் காற்று மைக்குக்குள் புகுந்திருந்தது. பண்ணைக்காரத் தகப்பன் மகளை ஊரை விட்டு அனுப்பும் காட்சி. ராய் நடித்ததில் அதுதான் கடைசி. குரலை மறுபடி பதிய ராய் இல்லை.

மேவிஸ் இரண்டு நிபந்தனை வைத்தார். குரலை ஆர்லன்தான் கொடுக்க வேண்டும். கேட்டுவிட்டு, இது ராய் இல்லை என்று தனக்குப் பட்டால் காட்சியை வெட்டிவிட வேண்டும். இயக்குநர் ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த படத்துக்காகக் கனடா போய்விட்டார். பொறுப்பு கோரா லிண்டின் தலையில் விழுந்தது. படங்களின் குரல் பதிவைக் கவனிப்பவள். இருபத்தெட்டு வயது இருக்கும்.

"மதியத்துக்கு மேல இந்த இடம் வேற படத்துக்குப் போயிடும்" என்றாள் கோரா.

"மதியம் வரைக்கும் எதுக்கு? அதுக்கு முன்னாடியே முடிச்சிடுவேன்" என்றார் ஆர்லன்.

அது வாய்ச்சவடால் இல்லை. அவருக்கு ராயை நாற்பது ஆண்டாகத் தெரியும். நியூயார்க்கில் இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒரே நல்ல கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வாய்ப்புக் கேட்கப் போனவர்கள். பிறகு வழி பிரிந்தது. ராய் எல்லாப் படத்திலும் ராய்தான். குதிரை மேல் ராய், நீதிமன்றத்தில் ராய், விண்கலத்தில் ராய். ஜனங்கள் அதைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்கினார்கள். ஆர்லன் எந்தப் படத்திலும் ஆர்லன் இல்லை. ஷெரிப், பாதிரியார், ஊமை, போலந்துக்காரர், ஒரு கார்ட்டூனில் குளிர்சாதனப் பெட்டி.

"டேய் பச்சோந்தி" என்பார் ராய். "நீ எல்லாரும்டா. அதனால நீ யாருமில்ல. நான் ஒரே ஒருத்தன். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் எனக்கு மேசை கிடைக்கும்."

"மேசை கிடைக்கும். சாப்பிட விட மாட்டாங்க."

ஆர்லனுக்கு அதில் குறை இருந்ததில்லை. போன வாரம்கூட மளிகைக்கடையில் ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்! எங்கம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் பண்ணினது நீங்கதானே?"

"நல்லா நடக்கறாங்களா?"

"ஓடறாங்க டாக்டர்."

"ஓட வேணாம்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தக்காளி பொறுக்கப் போனார். அந்தப் பெண் தலையாட்டினாள். நல்ல மருத்துவர் அப்படித்தான் சொல்வார்.

இப்போது ஆர்லன் மைக்குக்கு முன் போய் நின்றார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நாச்சோ, ஒலிப்பதிவாளன், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். திரையில் ராயின் முகம் வந்தது. தொப்பி, நரைத்த மீசை, பின்னால் வெறும் வானம். மூன்று முறை பீப் ஒலித்தது. நான்காவது ஒலிக்க வேண்டிய இடத்தில் ராயின் உதடு அசைந்தது. ஆர்லனின் வாயிலிருந்து ராயின் குரல் வந்தது.

"உங்கம்மா இருந்திருந்தா உன்னை எப்பவோ அனுப்பியிருப்பா."

நாச்சோ முன்கையைத் தடவிக்கொண்டான். "மாதாவே! எனக்குப் புல்லரிக்குது."

கோரா மேவிஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"குரல் அவன்தான்" என்றார் மேவிஸ்.

"ஆனா?"

"ஆளைக் காணோம்."

ஆர்லன் மறுபடி பேசினார். தொண்டையை இறக்கினார். மூச்சை நெஞ்சில் நிறுத்தினார். ராயின் பிரசித்தமான மௌனம் ஒன்று உண்டு. பேச்சுக்கு நடுவே சட்டென்று நின்று, எங்கோ பார்த்து, பிறகு சொல்வார். அதையும் அளவு பிசகாமல் வைத்தார். அடுத்த வரி. அதற்கடுத்தது. உதடும் ஒலியும் இம்மி விலகவில்லை.

"கடையில விக்கிற பொம்மை மாதிரி இருக்குடா" என்றார் மேவிஸ். "சாவி கொடுத்தா ராய் மாதிரிப் பேசும்."

நாச்சோ குனிந்து பொத்தான்களைப் பார்த்தான். கோரா கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் மெதுவாகச் சொன்னாள்: "மேவிஸ், இதைவிட நெருக்கமா யாராலும்..."

"அவங்க சொல்றது சரி" என்றார் ஆர்லன். "சத்தத்தை எடுத்துட்டுப் படத்தை மட்டும் ஓட்டு நாச்சோ. முழுசா."

படம் ஊமையாக ஓடியது. ஆர்லன் உதட்டைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தார். ராயின் கண் இடப்பக்கம் கீழே இறங்கியது. தேடியது. நின்றது. உதடு அசைந்தது. பிறகு வலப்பக்கம் மேலே. ஒரு தேடல். ஒரு நிற்றல். உதடு. பிறகு மகளின் தோளுக்குப் பின்னால், தொடுவானத்தை.

ஆர்லன் சிரிக்க ஆரம்பித்தார். வாய்விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"படுபாவி. ஒட்டி வச்சிருக்கான்!"

"எதை?" என்றாள் கோரா.

"வசனத்தை. அவனுக்கு ஒரு வரி மனப்பாடம் ஆகாது. எங்க முதல் படத்துல நான் அடிபட்ட சிப்பாய். தலையில பெரிய கட்டு. ராய் என்னை மடியில போட்டுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பான். அந்தப் பார்வையில என்ன கருணைன்னு பத்திரிகைக்காரங்க எழுதித் தள்ளினாங்க. அவன் என் கட்டைப் படிச்சுக்கிட்டிருந்தான். வசனம் பூரா என் நெத்தியில இருந்தது."

கோரா எழுந்து நின்றுவிட்டாள். "அந்த மௌனம்? காலேஜ்ல நான் அதைப் பத்திப் பத்துப் பக்கம் எழுதியிருக்கேன்."

"பேப்பரைத் தேடறான்மா."

"எனக்கு நல்ல மார்க் வந்தது!"

"வரணும். தேடறதை அவனை மாதிரி யாரும் தேடினதில்ல."

ஆர்லன் மேவிஸ் பக்கம் திரும்பினார். "இந்தப் பழக்கத்தை விட்டுட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணினான்."

"எந்த வருஷம்?"

"எல்லா வருஷமும்."

இப்போது மேவிஸ் சிரித்தார். "இந்தத் தடவை வேலிக் கம்பத்துல ஒண்ணு. சேணத்துல ஒண்ணு. வானத்துல ஒட்ட முடியலன்னு ஒரு பையனைக் கம்பும் பலகையுமாத் தூரத்துல நிக்க வச்சான். டைரக்டருக்குத் தெரியக் கூடாதுன்னு அந்தப் பையனுக்கு விஸ்கி."

"என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"நீயாக் கண்டுபிடிக்கிறியான்னு பார்த்தேன். ஊர்ல இருக்கறவன் எல்லாரையும் காப்பி அடிக்கிற. என் புருஷனையும் இவ்வளவு சுளுவா அடிச்சிடுவியோன்னு ஒரு வயித்தெரிச்சல்."

"நியாயம்" என்றார் ஆர்லன்.

அவர் பிழை அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒரு முறை கேட்டதை மறக்க மாட்டார். எல்லா வரிகளும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. தெரிந்த வரியைத் தெரியாதது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் அவர் கெட்டிக்காரர். ராய் அப்படி நடித்ததே இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

"மேவிஸ், வரிகளை எழுதி இந்த அறையில அங்கங்க ஒட்டு. நான் வெளியே நிக்கிறேன். நாச்சோ, எந்த வரி முதல்ல, எது அப்புறம்னு சொல்லாதே. காட்சியைத் துண்டு துண்டாக் கலைச்சுப் போடு. அவன் கண்ணு போற பக்கம் நான் பார்ப்பேன். அங்க என்ன இருக்கோ அதைத்தான் பேசுவேன்."

"இருக்கற இடம் தெரியாமப் போச்சுன்னா?" என்றான் நாச்சோ.

"அதுதான் வேணும்."

அவர் தாழ்வாரத்தில் காகிதக் கோப்பையில் காபி குடித்தார். உள்ளே டேப் கிழியும் சத்தம் கேட்டது. மேவிஸ் கோராவிடம், "அங்க இல்லம்மா, இன்னும் கொஞ்சம் சங்கடமான இடத்துல" என்று சொல்வது கேட்டது.

திரும்பி வந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். ராய் கேமரா முன் கண்ணாடி போட மாட்டார். பீப். பீப். பீப். திரையில் ராயின் கண் இடப்பக்கம் கீழே போனது. ஆர்லனின் கண்ணும் போனது. மேசை விளக்கின் கழுத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. எழுத்து மங்கல். கழுத்தை நீட்டினார். ராயின் உதடு திறக்கப்போனது. எழுத்து கடைசி நொடியில் பிடிபட்டது.

"பாட்டனார் இந்த மேட்டை ஒரு கழுதைக்கு மாத்தி வாங்கினார். கழுதைதான் லாபம்."

அவர் யாரையும் போலப் பேச முயலவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று அறியாத ஒருவரின் குரல் அறையில் இருந்தது. கொஞ்சம் பிடிவாதமாக, கொஞ்சம் அவமானத்தோடு, கிடைத்துவிட்ட நிம்மதியோடு.

மேவிஸ் பெட்டியைத் திறந்து ஒரு டோனட்டை எடுத்துப் பாதியைக் கடித்தார்.

"வந்துட்டான்" என்றார், வாயில் சர்க்கரையோடு.

பிறகு வேலை ஓடியது. ஒரு தாள் கண்ணாடிச் சுவரில் தலைகீழாக இருந்தது. ஒன்று கதவின் மேல் விளிம்பில். ஒன்றைக் கோரா முதுகில் ஒட்டிக்கொண்டு திரும்பி நின்றாள். அந்த வரிக்கு ஆர்லன் எரிச்சலோடு தேடினார். திரையில் ராயும் அங்கே எரிச்சலோடுதான் இருந்தார். நாச்சோ ஒவ்வொரு முறையும் மேசையைத் தட்டினான்.

கடைசியாக ஒரு துண்டு வந்தது. பீப். பீப். பீப். ராயின் கண் நகரவில்லை. நேராக, மகள் நிற்கும் இடத்தில் இருந்தது. ஆர்லன் நேரே பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. உதடு அசைந்து மூடிவிட்டது.

"பேப்பர் எங்க? விழுந்துடுச்சா?"

"இதுக்குக் கிடையாது" என்றார் மேவிஸ்.

"ஏன்?"

"அவன்கிட்ட இல்லாத பேப்பர் உனக்கு எதுக்கு?" மேவிஸ் விரலில் இருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டார். "ஒரு வாரம் படுத்தி எடுத்தான். குளிக்கிறப்ப, முட்டை பொரிக்கிறப்ப, படுக்கையில. 'போ. கேட்டை நான் சாத்திக்கிறேன்.' நாலு வார்த்தை. நானே பொறுக்க மாட்டாம, ஒட்டித் தொலையேன்டான்னேன். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து அழுதுக்கிட்டு நிப்பா, நான் கம்பத்தைப் பார்க்கவான்னு கேட்டான்."

ஆர்லன் திரையைப் பார்த்தார். நாச்சோ அந்த முகத்தை அப்படியே நிறுத்தி வைத்திருந்தான்.

"பழைய சத்தத்தோட போடு."

காற்று படுதாவைக் கிழிப்பது போல் அடித்தது. அதற்குள் ராய் இருந்தார். போ. கேட்டை நான் சாத்திக்கிறேன். நிற்கவில்லை, தேடவில்லை. சொல்லிவிட்டார்.

ஆர்லன் ஹெட்போனைக் கழற்றினார்.

"இதை நான் பேசல."

"முடியலையா?" என்றாள் கோரா.

"முடியும். வேணாம். அவனோடதே இருக்கட்டும்."

"காத்து இரையுதே ஆர்லன். மத்த வரியெல்லாம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. இது மட்டும் தனியாத் தெரியும். கேட்டவுடனே காட்சி உடைஞ்சிடும்."

"அப்ப மத்ததைத் துடைக்காதே. நாச்சோ, அந்தக் காத்து தனியா இருக்கா?"

"மணிக்கணக்கா இருக்கு. வயோமிங்ல வேற என்ன இருக்கு?"

"அள்ளி என் வரி எல்லாத்து மேலயும் போடு. கடைசி வரியில எவ்வளவோ, அவ்வளவு."

நாச்சோ கோராவைப் பார்த்தான். கோரா ஆர்லனைப் பார்த்தாள். "உங்க வேலை பாதி மூழ்கிடும். இன்னைக்கு நீங்க பண்ணினது எவ்வளவு பெருசுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"நான் இருக்கறது தெரியாம இருக்கறதுதானேம்மா நாப்பது வருஷமா என் வேலை. அதுல என்னை மிஞ்ச ஆள் இல்ல."

கோரா நாச்சோவுக்குத் தலையசைத்தாள்.

நாச்சோ கலந்தான். மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மேட்டின் மீது காற்று அடித்தது. அதற்குள் நின்று ஒரு தகப்பன் பேசினார், தேடினார், பேசினார். முடிவில் தேடாமல் ஒன்று சொன்னார். எங்கேயும் தையல் தெரியவில்லை.

மேவிஸ் கண்ணைத் திறக்க நேரமாயிற்று.

"வெட்ட வேணாம்" என்றார்.

கோரா மூச்சை விட்டாள். நாச்சோ கண்ணாடிச் சுவரில் தலைகீழாக ஒட்டியிருந்த தாளை உரித்து, யாரும் பார்க்காதபோது சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேவிஸ் மீதி டோனட்டை ஆர்லனின் கையில் கொடுத்தார்.

"மத்த வரியில எல்லாம் நீயா அவனான்னு எனக்கே தெரியலடா. கடைசி மட்டும் தெரிஞ்சது."

"அது தெரியணும். என்னைவிட நல்லாச் சொல்லியிருக்கான், திருட்டுப் பய."

"ஒரு தடவை."

"ஒரு தடவை" என்று ஒப்புக்கொண்டார்.

கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். பின்னால் வேறு ஒரு ஜோடி கிடந்தது. வெளுத்த கேன்வாஸ் ஷூ, நுனியில் சாக்பீஸ் தூள். அதை எடுத்துக் காலில் நுழைத்தார்.

"அடுத்தது யாரு நீ?" என்றார் மேவிஸ்.

"கணக்கு வாத்தியார்."

"ராய்க்குக் கணக்கே வராது."

"எனக்கு வரும்" என்றார் ஆர்லன். தோள் அதற்குள் லேசாகக் கூனியிருந்தது.