வரிசையில் சிக்கிய சிக்னல்

அத்தானின் வலது கைமேல் தகடு நசுக்கும் பிரஸ் இறங்கியபோது, அதை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஏற்கெனவே அழுத்தியாகிவிட்டது. பக்கத்து மெஷின்காரர் அழுத்தினார், மறுபடி அழுத்தினார், கடைசியில் முஷ்டியால் குத்தினார். இரும்பு கேட்கவில்லை. நான்கு விரல்களைத் தகடோடு தகடாக நசுக்கிவிட்டு மேலே போனது. அப்புறம்தான் நின்றது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையைக் கண்டதும் அக்கா எழுந்து வந்தாள். வந்த வேகத்தில் பின்னலைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினாள்.

"உன் மூளைதானடி அந்த மெஷினுக்குள்ள ஓடுது!"

"அக்கா, விடுக்கா..."

"எங்க வீட்டுப் பொண்ணு செஞ்சதுன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன்டி அவரு!"

நர்சுகள் வந்து பிரித்துவிட்டார்கள். தங்கையின் உதடு கிழிந்திருந்தது. அக்கா சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்கு அதைவிட வலித்தது.

அந்தப் பிரஸ்களை ஓட்டும் கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் அடிமடியில், கெர்னல் என்கிற மைய நிரலில், வேலை செய்தவள் அவள். முன்பெல்லாம் டிஸ்க்கில் ஒன்றை எழுதச் சொன்னால், எழுதி முடியும்வரை கெர்னல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அவள் அதை மாற்றினாள். வேலையை வரிசையில் போட்டுவிட்டுக் கெர்னல் அடுத்ததைப் பார்க்கப் போய்விடும். முடிந்ததும் தகவல் வரும். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் நிறுத்தும் பொத்தானின் சிக்னலும் அதே வரிசையில்தான் வந்தது; முன்னால் நிற்கும் வேலைகள் முடியும்வரை அதுவும் காத்துக் கிடக்கும். அதற்குத் தனி வழி வேண்டும் என்று அவள் டீம் லீடரிடம் கேட்டாள். "வேகம் குறையும்மா, அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்" என்றார். அவளும் தலையாட்டிவிட்டாள்.

முகத்தைக்கூடக் கழுவாமல் ஆபீசுக்குப் போனாள். சோதனை அறையில் ஒரு பிரஸ் உண்டு. டிஸ்க்கில் எழுதும் வேலைகளால் வரிசையைப் பிதுங்கப் பிதுங்க நிரப்பினாள். மரக்கட்டை ஒன்றை வைத்து பிரஸ்ஸை ஓடவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். கட்டை சிதறித் தெறித்தது.

சத்தம் கேட்டு டீம் லீடர் வந்தார்.

"என்னம்மா பண்றே?"

"எல்லா ஃபேக்டரிக்கும் ஃபோன் போடறேன். மெயினை ஆஃப் பண்ணச் சொல்லப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? உங்க அத்தான் கையை லேட்டா எடுத்தாரு. ரிப்போர்ட் அப்படித்தான் போகும்."

போனைப் பறிக்க வந்து அவள் வலது மணிக்கட்டை முறுக்கினார். உள்ளே ஏதோ மளுக்கென்றது. அவள் அவர் கையைக் கடித்தாள். வாயெல்லாம் உப்புக் கரித்தது. அலறிக்கொண்டே அவர் தள்ளிய தள்ளில், ஓடிக்கொண்டிருந்த பிரஸ்ஸின் மேடையில் மல்லாந்து விழுந்தாள். தலைக்கு மேல் இரும்பு இறங்கியது.

அவர் முகம் வெளுத்தது. பாய்ந்துபோய்ப் பொத்தானை அழுத்தினார். நிற்கவில்லை.

"நிக்க மாட்டேங்குதே! நிக்க மாட்டேங்குதே!"

அவள் உருண்டாள். தோளின் சதையைக் கொஞ்சம் உரசிக்கொண்டு இரும்பு மேடையில் அறைந்தது. அவர் அப்போதும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். இரும்பு ஸ்டூலை எடுத்து அவர் தாடையில் ஒரே போடு போட்டாள். பல்லும் ரத்தமுமாகச் சரிந்தார். பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, இடது கையால் போனை எடுத்தாள்.

"மெஷினை நிறுத்தச் சொல்ல நீங்க யாரும்மா?" என்று ஒரு ஃபோர்மன் எகிறினார்.

"அதுல ஓடறதை எழுதினவ. ஆள் சாகறதுக்குள்ள நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். எல்லா இடத்திலும்.

டீம் லீடர் போலீசுக்குப் போனார். வேலை போயிற்று, அடித்த வழக்கு அவள் தலைமேல் விழுந்தது. விசாரணையில் எதையும் மறைக்கவில்லை. தான் தலையாட்டியதையும் சேர்த்தே சொன்னாள். பொத்தானின் சிக்னலுக்குத் தனி வழி போட்ட பிறகே பிரஸ்கள் மறுபடி ஓடின.

கட்டுப்போட்ட கையோடு ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அக்கா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே அத்தான் இடது கையால் சோற்றை அள்ளப் போராடிக்கொண்டிருந்தார். பாதி மடியில் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தார்.

"வாசல்லயே நிக்காத. ஈ வருது, கதவைச் சாத்திட்டு வா."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.