இருதள விமானம்

இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் கட்டப்பட்ட போர் விமானங்கள், பதிவேட்டில் ஏறும் வரை தரையிறங்குவதில்லை. காங்கேயத்தில் உள்ள எங்கள் அலுவலகத்தின் மேல் வரிசை பிசகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். நான் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, தொலைநோக்கியில் பார்த்து, இறக்கைகளின் எண்ணிக்கை, துப்பாக்கியின் இடம், கட்டப்பட்ட ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பாக எழுதுவேன். குறிப்பு மேலதிகாரியின் மேலொப்பம் பெற்றுத் திரும்பியதும் விமானம் இறங்கிவிடும். ஓராண்டு சுற்றியும் பதிவாகாத விமானம் வேறு மாநிலத்து அலுவலகத்தைத் தேடிப் போய்விடும். என் இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் அப்படி ஒன்றும் போனதில்லை. பதிவேட்டில் ஒரு வரியும் காலியாக இருந்ததில்லை.

214ஆவது விமானம் சென்ற மாசியில் வந்தது. 1931இல் கட்டியது. துணி போர்த்திய இறக்கைகள், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு. பின் இருக்கையில் சுழலும் துப்பாக்கி. இறக்கைகளுக்கு இடையிலான கம்பிகள் தளர்ந்திருந்தன. எங்கள் அலுவலகத்தில் கம்பி முடுக்கும் பணி சென்னியப்பனுடையது. விமானம் மாடியை ஒட்டித் தாழ்ந்தபோது அவர் ஏணி வைத்து ஏறினார். பதிவாகாத விமானத்திலிருந்து யாரும் இறங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அன்று காலை வீட்டில் சண்டை. அவருக்குச் சர்க்கரை என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அவர் மனைவி மயிலாத்தாள் நெற்சோற்றை நிறுத்தி வரகுச் சோறு போட்டிருக்கிறார்.

அதுமுதல் தினமும் பன்னிரண்டரை மணிக்கு விமானம் தாழ்ந்து வரும். கொக்கி கட்டிய கயிறு இறங்கும். மயிலாத்தாள் மூன்றடுக்குப் பித்தளைத் தூக்குப்போசியை அதில் மாட்டிவிட்டு, அண்ணாந்து சொல்வார்:

"இன்னைக்கும் வரகுதான்!"

மாலையில் போசி இறங்கும். குழம்பும் பொரியலும் தீர்ந்திருக்கும். வரகு வைத்தபடி இருக்கும்.

தை மாதம் வந்தும் குறிப்பு திரும்பவில்லை. ஓராண்டு நிறையப் பதினொரு நாள் இருந்தது.

"மேடம், அது எந்த மாநிலத்துக்குப் போகும்னாவது சொல்லுங்க" என்றார் மயிலாத்தாள். "நான் போசியைத் தூக்கிட்டு எந்த பஸ்ஸு ஏறுறது?"

நான் தபால் பிரிவில் விசாரித்தேன்.

"அதுங்களா? செங்காட்டு அம்மன் கோயில் திருப்பணிக் குழுவுக்கு அனுப்பிட்டேன்" என்றார் தபால் பிரிவு அருக்காணி. "இருதள விமானம்னு போட்டிருந்துச்சு. கோயில் சமாச்சாரம்தானுங்களே."

"ரெட்டை இறக்கைன்னு எழுதியிருக்கணும்."

"எழுதுனது நீங்கதானுங்க."

"நான்தான்" என்றேன்.

செங்காட்டு அம்மன் கோயிலில் கருவறைக்கு மேல் விமானம் கிடையாது. வெறும் தளமாக இருந்த அந்த இடத்தை ஸ்தபதி நமச்சிவாயம் நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க நோட்டுல ஏறிடுச்சுங்க மேடம். வர்ற வெள்ளிக்கிழமை கும்பாபிஷேகம். அன்னைக்குத் தானா வந்து உட்காந்துக்கும்."

"அது போர் விமானம். துப்பாக்கி இருக்கு."

"இருக்கட்டுங்க. அம்மன் கையில இருக்கிறதெல்லாம் என்ன, பூவா?"

அவர் நோட்டைக் காட்டினார். அளவுகள் துல்லியமாக இருந்தன. தளம் இரண்டு. கலசம் இல்லை. அதற்கடுத்த வரியில், 'கீழ்த் தளத்தில் சுதைச் சிற்பம் ஒன்று. ஆண். கையில் முடுக்கி' என்று இருந்தது.

"இவர் எங்க ஊழியர்" என்றேன்.

"நானும் பதினோரு மாசமாப் பாக்குறேனுங்க. போசி போகுது, சோறு அப்படியே திரும்பி வருது. சோறு திங்காம ஒரே பக்கம் உட்காந்திருக்கிறது சுதைதானுங்க."

"குழம்பு தீருது."

"குழம்பைக் காக்கா குடிக்கும்."

கும்பாபிஷேகத்துக்குப் பின் சுதைகள் அசைவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் பூசுவதோடு சரி.

மேலொப்பம் வராவிட்டாலும், எங்கள் பதிவேட்டில் 214ஆவது வரி அதற்கென்று எழுதியாகிவிட்டது. ஒரு பொருள் இரண்டு பதிவேடுகளில் இருக்கக் கூடாது. எனவே நான் 214ஐ விட்டுக்கொடுத்தாலன்றி அது கோயிலுக்கு இறங்காது. விட்டுக்கொடுக்காவிட்டால், மேலொப்பத்துக்கு நாளில்லாததால், சென்னியப்பனோடு வேறு மாநிலம் போய்விடும். ஸ்தபதியிடம் சொன்னேன்: சுதை வரியை அவர் அடித்தால், 214ஐ நான் அடிக்கிறேன். அவர் நூலைச் சுருட்டியபடி சொன்னார்:

"என் கண்ணு முன்னால சோறு தின்னா அடிச்சுடறேனுங்க. தின்னலைன்னா சுதைதான்."

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு எங்கள் மாடியில் மூவரும் நின்றோம். விமானம் தாழ்ந்து வந்தது. கயிறு இறங்கியது. மயிலாத்தாள் போசியை மாட்டினார். ஒரு நாளைக்கு மட்டும் நெற்சோறு வைக்கலாமே என்று நான் முன்பே கேட்டிருந்தேன். அதற்கு அவர், "பதினோரு மாசம் புடிச்சு நின்னுட்டு இன்னைக்கா விடறது?" என்று சொல்லிவிட்டார்.

"ஏனுங்க!" என்று அவர் மேலே பார்த்துக் கூவினார். "ஒரு வாய் தின்னுங்க! தின்னாத்தான் மனுசன்னு எழுதுவாங்களாம்!"

விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது. சென்னியப்பன் போசியை மடியில் வைத்தபடி இருந்தார். இரண்டாவது சுற்றிலும் அப்படியே இருந்தார். ஸ்தபதி நோட்டை மூடப் போனார்.

"இவுங்க அப்பன் வூட்டுப் புடிவாதம்" என்றார் மயிலாத்தாள் தாழ்ந்த குரலில். பிறகு கையை வாயருகே குவித்துக்கொண்டு, "தயிர் ஊத்தியிருக்குதுங்க!" என்றார்.

மூன்றாவது சுற்றில் சென்னியப்பன் ஒரு வாய் எடுத்தார். மென்றார். விழுங்கினார். நான் தொலைநோக்கியை ஸ்தபதியிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, சுதை வரியைச் சிவப்பு மையால் அடித்தார். நான் 214ஐ அடித்தேன். அடுத்த பக்கத்தில் கறை படியும் அளவுக்கு மை ஊறியது. பதிவேட்டில் முதன்முறையாக ஒரு வரி காலியானது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு விமானம் கருவறையின் மேல் இறங்கியது. சென்னியப்பன் சாரத்தின் வழியாக இறங்கி வந்து, மனைவி முன் நின்றார்.

"உப்புக் கம்மி" என்றார்.

"போசி எங்க?"

போசி மேலே இருந்தது. ஸ்தபதி அதைத் திறந்து பார்த்துவிட்டார். கலசத்துக்குள் வரகு இருக்க வேண்டும், இதில் இருந்தது. மூன்று அடுக்கையும் மேல் இறக்கையின் நடுவே பொருத்தி, நீர் ஊற்றினார்கள். கூட்டம் கும்பிட்டது.

"அது எங்கம்மா குடுத்த போசி" என்றார் மயிலாத்தாள், கும்பிட்டபடியே.

நான் அலுவலகத்துக்குத் திரும்பி மாடிக்குப் போனேன். மேலே மூன்று நிலைக் கோபுரம் ஒன்று தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தொலைநோக்கியில் பார்த்தேன். வாசற்கல்லில் 1927 என்று வெட்டியிருந்தது. பதிவேட்டைத் திறந்து, காலியாக இருந்த வரியில் 'மூன்று இறக்கைகள்' என்று எழுதினேன்.