டப்பா மாவு

விளையாட்டு விடுதியின் சமையல்காரம்மாவுக்கும் பயிற்சியாளருக்கும் ஆகவே ஆகாது. எந்நேரமும் கழுத்தில் ஊதலைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற அந்த ஆளுக்கு விசில் என்று பெயர் வைத்ததே அவள்தான். பிள்ளைகளின் மூன்று முட்டையை ஒன்றாகக் குறைத்து, பதிலுக்குப் புரோட்டீன் டப்பாக்களைச் சமையலறை அலமாரியில் அவர் அடுக்கிய அன்று, அது பகையாகவே முற்றிவிட்டது.

"ஓடுற புள்ளைங்களுக்கு ஒத்த முட்டையா? காக்காய்க்குக்கூடப் பத்தாதே!"

"ஒரு ஸ்கூப்ல இருபத்தஞ்சு கிராம் புரோட்டீன். உங்க முட்டை நாலு சேர்ந்தாத்தான் அது. கலக்கிக் குடுக்கிறது உங்க வேலை, யோசிக்கிறது என் வேலை."

தட்டோடு வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். 

மறுநாளே வேலையைக் காட்டினாள். டப்பாக்களைக் காலி செய்து, பால் பவுடரையும் வறுத்த கடலை மாவையும் கலந்து நிரப்பினாள். பிள்ளைகள் இன்னொரு டம்ளர் கேட்டுக் குடித்தார்கள். நன்றாகவும் ஓடினார்கள். "பாத்தீங்களா, டப்பா பண்ற வேலையை!" என்று விசில் மார்தட்டியபோது, அவள் அடுப்புப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் ஜெயித்திருப்பாள். ஆனால் ஒரு பருக்கையைக்கூட வீணாக்கத் தெரியாத கை அது. கொட்ட மனம் வராமல், டப்பா மாவைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வீட்டில் ஒரே மகள். வேறொரு கிளப்புக்காக நானூறு மீட்டர் ஓடுகிறவள். இருமல் மருந்தைக்கூட டாக்டரிடம் கேட்காமல் தொடமாட்டாள். "டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாதும்மா. நீ ஆக்கிப் போடறதே எனக்குப் போதும்" என்பாள். அம்மா மண்டையை மண்டையை ஆட்டுவாள். ஆட்டிவிட்டு, தினம் காலையில் மகளின் பாலில் ஒரு கரண்டி டப்பா மாவைக் கலக்குவாள். விடுதியில் அதைச் சுண்ணாம்பு என்று கரித்துக்கொட்டியவள்தான், விசிலின் பிள்ளைகளுக்குப் போகிற பலம் தன் பெண்ணுக்கு வரட்டுமே என்று கலக்கினாள். மனுஷ புத்தியை என்னவென்று சொல்வது!

தேசிய அணித் தேர்வுக்கு முன் நடந்த சிறுநீர்ப் பரிசோதனையில் மகள் மாட்டிக்கொண்டாள். தடை செய்த ஊக்கமருந்து. கடந்த மூன்று மாதம் சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொல்லி ஒரு படிவம் தந்திருந்தார்கள்.

"நாலு வருஷம் தடை போட்டா என் ஓட்டமே முடிஞ்சுதும்மா. எங்கேருந்து வந்துச்சுன்னே புரியல. உன் கையால தவிர நான் வேற எதையும் சாப்பிடலையே!"

 டப்பா மாவு பாலில் சேர்ந்த கதையை அம்மா ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

 மகள் பேனாவை மூடிவைத்தாள். "தெரியாம உள்ள போச்சுன்னு காட்டினா தண்டனை குறையலாம். அதே மாவு, சீல் உடைக்காத டப்பாவா வேணும், அதுல இருக்கிற பேட்ச் நம்பரும் வேணும். அந்தக் கோச்கிட்ட போய் வாங்கிட்டு வா."

விசிலின் அறையில் அம்மா நின்றுகொண்டுதான் சொன்னாள். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப என் பசங்க குடிச்சது?"

"பால் பவுடரும் கடலை மாவும்."

அவர் முகம் செத்துப்போனது. அவருடைய பிள்ளைகளுக்கும் பரிசோதனை நடந்திருந்தது, ஒருவர்கூட மாட்டவில்லை. அது யாரால் என்று இப்போது புரிந்துவிட்டது. அந்த அவமானத்தை அவர் அவள் மேலேயே திருப்பினார். தன் அலமாரியிலிருந்து சீல் உடைக்காத டப்பா ஒன்றை எடுத்துவந்து மேஜைமேல் ஓங்கி வைத்தார்.

"ஊரார் பிள்ளைங்களைக் காப்பாத்திட்டு, பெத்த பொண்ணுக்குக் குழி வெட்டியிருக்கீங்க. யோசிக்கிறது என் வேலைன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"அந்தக் கருமத்தை வாங்கிட்டு வந்ததே நீதானேடா!" என்று கத்தியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. டப்பா இன்னும் அவர் கைப்பிடியில் இருந்தது, வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தாள்.

மறுநாள் காலை அம்மா எழுந்து வந்தபோது, மகள் தானே மூன்று முட்டையை வேகவைத்து உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா பாலைக் காய்ச்சி, டம்ளரில் ஊற்றி அவள் முன் வைத்தாள்.

"வெறும் பாலுடி."

"நீ குடிச்சுக் காட்டு."

அம்மா குடித்துக் காட்டினாள். அதற்குப் பிறகும் மகள் அந்த டம்ளரைத் தொடவில்லை.