கழுத்துக்குக் கீழே

இயக்கத்தில் செத்த பிள்ளைகளின் படங்கள் அடுக்கிய மேடையில், இரண்டாவது வரிசையில், இடப்பக்கமிருந்து நாலாவது படத்தில், அக்னெஸின் மகள் போராளிகளின் வரிச்சீருடை போட்டிருந்தாள். முகம் அஞ்சலீனாதான். பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் பிடித்த முகம், இரட்டைப் பின்னல், சிரிக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற வாய். கழுத்துக்குக் கீழே ஆரோ ஒருத்தியின் உடம்பு. கணினியில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். கீழே ஒரு பதவிப் பெயர் வேறு. பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பதவியாம்!

மாதா கோயிலுக்குள் ஒளித்து வைத்திருந்த பிள்ளையைத்தான் இயக்கப் பொடியள் தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பதினோராம் நாள் செய்தி வந்தது. உடம்பு வரவில்லை. சண்டை முடிந்து அடைபட்ட முகாமில் உள்பாவாடைக்குள் வைத்துக் காப்பாற்றிய அந்த ஒரேயொரு படத்தை மொன்றியலுக்கு வந்த பிறகும் அவள் எவர் கையிலும் கொடுத்ததில்லை. போனில் எடுத்து வைப்போம் என்று புருஷன் றெக்ஸ் கேட்டபோதுகூட விடவில்லை. போனுக்குள் போனால் ஊரெல்லாம் சுற்றும், கடைசியில் இந்த இயக்கக்காரங்கள் சுவரொட்டி அடிப்பாங்கள் என்று பயந்தாள். பயந்ததுதான் நடந்தது. டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டுகிற வேலை முடிந்து நேரே வந்தவளை, "சும்மா ஒரு கூட்டம், வா" என்றுதான் றெக்ஸ் இந்த மண்டபத்துக்குக் கூட்டி வந்திருந்தார்.

"ஆர் குடுத்தது?"

றெக்ஸ் நிலத்தைப் பார்த்தார். "நான்தான். உனக்குத் தெரியாமல் எடுத்துக் குடுத்தனான். ஒண்டுக்குமில்லாமல் செத்தவள் எண்டு எத்தினை வருசம் சொல்லிக்கொண்டு இருக்கிறது, அக்னெஸ்? அந்த வரிசையில அவளும் நிக்கட்டுமெண்டு..."

அதற்குள் பேரின்பநாதன் ஒலிவாங்கியில் தொடங்கிவிட்டார். விழாக்குழுத் தலைவர். எண்பத்தேழிலேயே விமானம் ஏறி வந்தவர், சுடுகிற துவக்கைப் படத்தில் மட்டும் பார்த்தவர். பிள்ளைகள் இரண்டும் டாக்குத்தர்மார். வெள்ளைக்காரன் போகிற போக்கில் எங்களைக் கொழும்பின் கையில் ஒப்படைத்தான், அந்தக் கையை உதறத்தான் எங்கள் பிள்ளைகள் தாங்களாகவே எழுந்து போனார்கள் என்று தொண்டை கிழியப் பேசினார். முதல் பாதி அக்னெஸுக்கும் சம்மதம்தான். ஷெல் அடித்தவனை அவள் மறக்கவில்லை. ஆனால் தாங்களாகவேயாம்! என்ன வாயப்பா இது! பிறகு பெற்றோரை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைத்தார்கள். அவர்கள் போய்த் தங்கள் பிள்ளையின் படத்துக்கு விளக்கேற்றினார்கள். அவள் முறை வந்தது.

"வாங்கோ அம்மா, ஏத்துங்கோ," என்றார் விளக்கடியில் நின்ற ஒருவர்.

அவள் விளக்கிடம் போகவில்லை. ஒலிவாங்கியிடம் போனாள். "என்ரை பிள்ளை தானாப் போகேல்லை. பிடிச்சுக்கொண்டு போனவங்கள். மாதாவுக்கு முன்னால வைச்சு."

பின்வரிசையில் ஆரோ "துரோகி" என்றான். பூவோடு நின்ற இன்னொரு தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பேரின்பநாதன் பாய்ந்து வந்து ஒலிவாங்கியைப் பொத்தினார்.

"அம்மா, இது இப்ப கதைக்கிற கதையே? கொழும்பு கேட்டுக்கொண்டிருக்கு."

"கேக்கட்டும். கோயிலுக்குள்ள அவள் கத்தினது உங்கள் ஒருத்தருக்கும் கேக்கேல்லையே! றெக்ஸ் தந்த போட்டோவைத் தாங்கோ."

அவர் முகம் சுருங்கியது. "அது... ஸ்டூடியோக்காரனிட்டைத் தவறிப் போச்சுது. தேடினனாங்கள், அம்மா. கிடைக்கேல்லை."

தவறிப் போய்விட்டதாம், பஸ் ரிக்கெற் மாதிரி! அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. நாலாவது படத்தைச் சட்டத்தோடு தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். ஒருவரும் மறிக்கவில்லை.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த வீட்டுக்கு றெக்ஸ் பின்னேரம்தான் வந்து சேர்ந்தார். குசினி மேசையில் சட்டம் கழன்று கிடந்தது. அக்னெஸ் கத்தரிக்கோலோடு குனிந்திருந்தாள். பின்னல்களைச் சுற்றி ஒரு மயிரும் போகாமல் வெட்டி, காதைத் தாண்டி, கீழே வந்துகொண்டிருந்தாள். ஜாக்கெற்றில் பனி உருக அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எதிரே வந்து, தாள் அசையாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். போய்த் தொலையுங்கோ என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கத்தரிக்கோலை இன்னும் கீழே நகர்த்தினாள்.

ஒட்டினவன் கழுத்தை மிச்சம் வைக்கவில்லை. சீருடையின் கொலர் வாய்க்குக் கீழே, நாடியிலேயே தொடங்கியது.

"மெல்ல," என்றார் றெக்ஸ். "அதில வெட்டினால் நாடியும் போயிரும்."

கத்தரிக்கோல் வாய் திறந்தபடி, பிள்ளையின் நாடிக்குக் கீழே நின்றது.