பெரிய குழி, சின்னக் குழி

1

இந்தக் கதை என் கார் ஷெட்டில் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. முதல் வரியை இப்படித்தான் எழுதியிருந்தேன்: "மான்டானாவின் பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு வெடிச்சத்தம்..." அடித்துவிட்டேன். இதில் யாரும் யாரையும் சுடப்போவதில்லை. சுட்டு முடித்த பிறகு புல்லில் கிடப்பதைப் பொறுக்குகிற கிழவர்களின் கதை இது.

நானும் பக்கத்து வீட்டு ஆர்வல் லின்ட்குவிஸ்டும் சனிக்கிழமை பிஸ்டல் போட்டிக்குப் போவோம். வெற்றுத் தோட்டாக் கூடுகளை அள்ளி வந்து, மருந்தும் குண்டும் போட்டு மறுபடி நிரப்புவோம். இதுவரை ஒரு கோடி நிரப்பியிருப்போம். [ஆர்வல் படித்தால் ஆறாயிரம் என்பான். சந்தோஷத்திலும் கஞ்சன்.]

2

கட்டுரை மாதிரி கொஞ்சம். இரும்புக் கூட்டைக் காந்தம் பிடித்துவிடும். அலுமினியம் குப்பைக்கு. நிக்கல் பூச்சுக்காரன் நன்றாக மினுக்குவான், ஆனால் சீக்கிரமே வாய் பிளந்துவிடுவான். கடைசிவரை கூட வருவது பித்தளைதான். அதிலும் எங்கள் நாற்பத்தைந்து காலிபர் தோட்டாவில் ஒரு வம்பு. எல்லாக் கூடும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். அடியில் பிரைமர் என்கிற பொறிமூடி உட்காரும் குழி மட்டும் சிலவற்றில் பெரிது, சிலவற்றில் சிறிது. பெரிய குழிக் கூட்டத்தில் சின்னது ஒன்று கலந்தாலும் போதும், நிரப்பும் மெஷினின் கைப்பிடி பாதியில் மாட்டி நின்றுவிடும்.

நாற்பது வருஷமாக அதைப் பிரித்துக் கொடுப்பவர் ஆர்வலின் மனைவி வெர்னா. சமையல் மேசையில், மஃபின் சுடும் குழித்தட்டில்.

3

வெர்னா மறக்க ஆரம்பித்தார்.

[இந்த வாக்கியத்தை ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன். இருப்பதிலேயே சின்னதுதான் குறைவாக வலித்தது.]

ஸ்போகேன் நகரத்தில் இருக்கும் அவர்கள் மகள், அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொன்னாள். ஆர்வல் ஒரேயடியாக முடித்துவிட்டான்: "கூடு பிரிக்கிறதுல உங்கம்மா என்னைக்குத் தப்பு பண்றாளோ, அன்னைக்குப் பேசலாம்."

மெஷின் இருப்பது என் ஷெட்டில். ஆக, தீர்ப்பு என் கையில். வியாழக்கிழமை வெர்னா பிரித்த டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவான். மறுநாள் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கத்துவான்.

"டேய் தபால்காரா, மாட்டிச்சா?"

"இல்லடா! நீ மட்டும் பிரிச்சிருந்தா மெஷினே ஓடிப் போயிருக்கும்!"

முதல் வாரம் ஒன்று மாட்டியது. அடுத்த வாரம் நான்கு. அப்புறம், நிரப்புவதற்கு முன்பே சின்னக் குழிகளை நானே ரகசியமாகப் பொறுக்கி எடுத்துவிடுவேன். முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்தவன் நான். வந்த சேதியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

4

இந்த இடத்தில் ஒரு கரடியை உள்ளே விடலாம் என்றிருந்தேன். அதற்குள் வெர்னாவே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை, கையில் ஹக்கிள்பெர்ரி ஜாம் புட்டி.

"தபால்காரரே, மாட்டிச்சா?"

"ஒண்ணுகூட இல்ல. கண்ணா அது, கழுகு!"

"பொய்." புட்டியை வைத்தார். "எட்டு சின்னக் குழி நானே வேணும்னே கலந்து போட்டேன். வாய்க்குள்ள சிவப்பு நகப்பூச்சு வெச்சிருக்கேன். எங்க அதெல்லாம்?"

நான் குழியை மட்டுமே பார்ப்பவன். வாய்க்குள் யார் பார்த்தது?

"அவரு சொன்னா நம்ப மாட்டேன், ஆசையில பேசுவாரு. மக சொன்னாலும் நம்ப மாட்டேன், அவளுக்குப் பயம். மெஷின் உங்ககிட்டதான இருக்கு? பழசெல்லாம் விடுங்க. இந்த வாரம் எத்தனை எடுத்தீங்க? எட்டுன்னா நான் இன்னும் சரியா இருக்கேன். கூட இருந்தா, மகளுக்கு நானே போன் போடுவேன். என்னை யாரும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகவேணாம்."

5

சட்டைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் நிறுத்தினேன். சிவப்பு வாய். சிவப்பு வாய். மொத்தம் எட்டு.

என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. உள்ளே இன்னொன்று இருந்தது, அவர் தெரியாமல் விட்ட ஒன்பதாவது.

முடிவு அ: நான் எட்டுதான் எடுத்தேன். [எழுதினேன், அடித்தேன்.]

முடிவு ஆ: ஒன்பதாவதை மேசைமேல் வைக்கிறேன். வெர்னா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே பார்த்து, போனை எடு

[இதற்குமேல் எழுத வரவில்லை.]

"டேய், மாட்டிச்சாடா?" வேலிக்கு அந்தப்பக்கம் ஆர்வல்.

ஒரு கோடி என்றது பொய். கழுகு என்றதும் பொய். கரடி வரவேயில்லை. ஒன்பது மட்டும் நிஜம். வெர்னா கையை நீட்டியபடி நிற்கிறார். வாசிக்கிற உங்களிடம் ஒன்பதாவதை நீட்டுகிறேன். இந்தாருங்கள், கொஞ்சம் பிடியுங்கள். சூடாகத்தான் இருக்கும், இவ்வளவு நேரம் என் நெஞ்சோடு இருந்தது.

வெர்னா இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்.